சட்டாம்பிள்ளை முதல் உதவி விரிவுரையாளர் வரை: எழுத்துப் பயிற்சியில் இளம் ஆசிரியரின் இடம்

கல்வியாண்டு தொடங்குங்கால் பல்கலைக்கழக மொழித்துறைகளில் சிறு நிகழ்வொன்று இடம்பெறுவதுண்டு. அண்மையிற் பட்டம் பெற்று அத்துறையிலேயே உதவி விரிவுரையாளராக நியமனம் பெற்ற இளைஞரைத் துறைத்தலைவர் மாணவர்க்கு அறிமுகஞ் செய்துவைப்பர். அவர்தம் பெயரும், பெற்ற வகுப்பும், எடுக்கவுள்ள பாடமும் கூறப்படும். அத்துடன் அறிமுகம் முடிவுறும். நேற்று மாணவர் வரிசையில் இருந்தவர் இன்று அவ்வரிசைக்கு எதிரே நிற்கின்றார். மாணவர் எழுதும் கட்டுரைகளை முதலில் வாசிப்பவரும், பிழை சுட்டுபவரும், மீள எழுதுவிப்பவரும் பெரும்பாலும் இவரே. ஆயினும், பல்கலைக்கழக வரலாறு எழுதுவோர் பேராசிரியரைப் பற்றி எழுதினரேயன்றி, இவரைப் பற்றி அதிகம் எழுதினாரல்லர். எழுத்துப் பயிற்சியில் இவ்விளம் ஆசிரியரின் இடம் எத்தகையது, அது எவ்வாறு தோன்றிற்று என்பதை ஒலுவிலை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பவன் கற்பித்தலும் வேண்டும் என்ற கருத்து தமிழர்க்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் புலமை பெறும் வகையைக் கணக்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உட்கொள்வதாற் கிடைப்பது காற்பங்கு. உடன்பயில்வாரோடு பழகுவதாற் கிடைப்பது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அவர் கருத்து. இக்கணக்கு பெரிதும் நோக்கற்பாலது. இதன்படி, பட்டம் பெற்று வெளியேறும் மாணவன் புலமையின் பாதியையே பெற்றவனாவான். மறுபாதி அவன் கற்பிக்கப் புகும்போதே தொடங்குகின்றது. எனவே, உதவி விரிவுரையாளர் பதவியைக் கல்வியின் பிற்பாதி எனக் கொள்வதற்கு நம் மரபிலேயே ஆதாரம் உண்டு.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இக்கருத்து நடைமுறையாகவே இருந்தது. அங்கு மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து, இளையோரை மணலில் எழுத்துக் கூட்டி எழுதச் செய்வான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறை கடல் கடந்தது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதையர் பள்ளியின் மேற்பார்வையாளரான அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பியபோது, பணியிலிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைத்தாரல்லர். அதனால் ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது. பெல் இங்கிலாந்து திரும்பி 1797இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற இம்முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றிற் பரவிற்று.

ஆயின் இப்பயணத்தில் அடிப்படையான மாற்றமொன்று நேர்ந்தது. நன்னூலார் கற்பித்தலை வலியுறுத்தியது, அது கற்பிப்பவனின் புலமையை நிறைவு செய்யும் என்பதற்காக. இங்கிலாந்தில் இம்முறை விரும்பப்பட்டமைக்கு முதற்காரணம் அதன் மலிவு. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடிந்தது. ஒரே வழக்கத்தைக் கல்வியின் பாதியாகக் காணும் நோக்கு ஒன்று. செலவுச் சுருக்கமாகக் காணும் நோக்கு மற்றொன்று. இளம் ஆசிரியரின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான இழுபறியே எனலாம்.

பல்கலைக்கழக அளவில் இவ்விழுபறியைத் தெளிவாகக் காண்பதற்கு அமெரிக்கா சிறந்த சான்றாகும். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1806இல் சொல்வன்மைக் கலைக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி நடைமுறைக்கு வந்தது. பின்னர் நாட்டின் சனாதிபதியான ஜோன் குயின்சி அடம்ஸ் அதன் முதற் பேராசிரியராக இருந்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மேடைச் சொற்பொழிவினின்று எழுதும் கட்டுரைக்குக் கவனம் மாறிற்று. 1885 முதல் ஹாவாட்டின் முதலாண்டு மாணவர் கட்டுரைப் பயிற்சியைக் கட்டாயமாகக் கற்கலாயினர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெட் நியூட்டன் ஸ்கொட் 1903இல் சொல்வன்மைக்கெனத் தனித்துறையே நிறுவினார். மாணவர் தொகை பெருக, வாரந்தோறும் குவியும் கட்டுரைகளைத் திருத்துதல் பேராசிரியர் சிலரால் இயலாதாயிற்று. ஆகவே அப்பணி பட்ட மேற்படிப்பு மாணவரான உதவியாளரைச் சேர்ந்தது. இன்று அந்நாட்டின் பெரும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலாண்டு எழுத்து வகுப்புகளை இவர்களே நடத்துகின்றனர். அவர்களுக்கென முன்பயிற்சி வகுப்புகள் நடத்தப்படுவதும், மூத்தோர் அவர்தம் வகுப்பைப் பார்வையிடுவதும் அங்கு வழக்கமாகியுள்ளன. உழைப்பு மிகுதி, ஊதியக் குறைவு பற்றிய முறைப்பாடுகளும் அங்கு ஓய்ந்தபாடில்லை.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் சுவாமி விபுலானந்தர். கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்த அவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவர். அவரும் பட்டம் பெறுமுன்னரே பள்ளிகளிற் கற்பித்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. அவரிடம் பயின்ற சு. வித்தியானந்தன் 1946இல், இருபத்திரண்டு வயதளவில், பல்கலைக்கழகத்திற் கற்பிக்கத் தொடங்கினார்; பின்னர் லண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்; 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். க. கைலாசபதி 1961இல் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். பேராசிரியர் என இன்று நாம் போற்றும் இவர்கள் ஒரு காலத்தில் துறையின் மிக இளையோராக மாணவர்க்கு அறிமுகமானவர்களே.

எழுத்துப் பயிற்சிக்கு இவ்விளையோர் இன்றியமையாதவரானது 1960ஐ ஒட்டிய காலத்திலாகும். கலைப்பாடங்கள் தாய்மொழி மூலம் கற்பிக்கப்படலாயின. அதுகாறும் தமிழ்த்துறைக்கு மட்டும் உரியதாயிருந்த தமிழ்க் கட்டுரை, வரலாற்றுக்கும் புவியியலுக்கும் பொருளியலுக்கும் உரியதாயிற்று. இளம் விரிவுரையாளர் பலர் தாம் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழில் உரைக்க வேண்டியவராயினர். கலைச்சொல்லைத் தேடிக்கொண்டே வகுப்பெடுத்தனர். வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் உரைநடை வரலாறு’ 1957இல், இம்மாற்றத்திற்குச் சற்று முன்னர் வெளிவந்தது. நீண்ட வரலாறுடைய தமிழ் உரைநடையைப் புதிய பாடங்களைச் சுமக்கும் கருவியாக்கும் பணி, விரிவுரை மண்டபத்தில் மட்டுமன்றி, துணைவகுப்புகளிலும் திருத்தப்பட்ட கட்டுரைத் தாள்களின் ஓரங்களிலும் நடந்தேறியது.

இப்பின்னணியிலேயே ஒலுவிலைக் காண வேண்டும். கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகியவற்றைக் கடந்தால் ஒலுவில் வரும். உள்நாட்டுப் போரினால் வடக்கிலும் மட்டக்களப்பிலும் படிப்பைத் தொடர இயலாதிருந்த முஸ்லிம் மாணவரின் நிலையே இங்கு உயர்கல்வி நிறுவனம் ஒன்று தோன்றுவதற்கு உடனடிக் காரணமாயிற்று. எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. புதிதாய்த் தோன்றும் எந்தப் பல்கலைக்கழகமும் மூத்த பேராசிரியரை உடனே பெறுவதில்லை. அது தன் முதற் பட்டதாரிகளிலிருந்தே தன் ஆசிரியரை உருவாக்கிக் கொள்ள வேண்டும். ஆதலின் உதவி விரிவுரையாளர் பதவி இத்தகைய நிறுவனங்களுக்கு நாற்றுமேடை போன்றதாகும்.

இக்கரையோரத்தில் எழுத்துப் பயிற்சிக்குச் சிறப்பான தேவையொன்றும் உண்டு. இங்கு வாழ்வோரின் பேச்சுத் தமிழ் வளமானது. பழைய வழக்குகள் பலவற்றைப் பேணுவது. ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்பதும், ‘திரும்பு’ என்பதற்குக் ‘கிறுகு’ என்பதும் இங்கு இயல்பான சொற்கள். அரபுச் சொற்கள் முஸ்லிம் வீடுகளின் அன்றாடப் பேச்சோடு கலந்துள்ளன. இப்பேச்சோடு வளர்ந்த மாணவர் கட்டுரை எழுதப் புகும்போது, தாம் பேசுவது பிழையோ என ஐயுறுவதும், அதனால் பாடக்குறிப்பிலுள்ள வாக்கியங்களையே மனனஞ்செய்து ஒப்புவிப்பதும் நிகழ்கின்றன. மாணவரின் சொந்தச் சிந்தனை எழுத்துக்கு வராமற் போவதே இதன் விளைவு. அதே ஊர்களிலிருந்து வந்து, அதே தடையைச் சில ஆண்டுகளின் முன்னர் கடந்த இளம் ஆசிரியர், பேச்சுவழக்கு இழிவன்று, கட்டுரைவழக்கு வேறொன்று என்பதைத் தம் அனுபவத்தாலேயே விளக்க வல்லவர். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், பள்ளி ஆசிரியராக இருந்து பல்கலைக்கழக ஆசிரியரானவர். தற்கால எழுத்துத் தமிழுக்கென அவர் எழுதிய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ 1999இல் வெளிவந்தது. வகுப்பறையின் தேவை நூலாக மலர்வதற்கு இக்கரையோரம் தந்த சான்றாக அதனைக் கொள்ளலாம்.

கட்டுரை திருத்துதல் எழுத்துப்பிழை களைவதோடு அமைவதன்று. இதற்கும் நன்னூலே துணை செய்யும். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென வகுத்த பவணந்தியார், குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்றாற்போலப் பெயரிட்டுள்ளார். இன்றைய மாணவர் கட்டுரையொன்றை எடுத்து நோக்கின், பத்தியொன்று ஏன் தளர்கின்றது என்பதற்கு இப்பெயர்களுள் ஒன்று பெரும்பாலும் பொருந்தும். தாளின் ஓரத்தில் ‘தெளிவில்லை’ என எழுதுவதிலும், ‘மற்றொன்று விரித்தல்’ என எழுதுவது மாணவர்க்குப் பயன் தரும். முன்னது தீர்ப்பு, பின்னது வழிகாட்டல். இவ்வாறு குற்றத்தின் பெயர் தேடித் திருத்தும் ஆசிரியர், தம் எழுத்திலும் அக்குற்றங்களைக் காணப் பழகுவர். நன்னூலார் கூறிய அரைப்பங்கு இதுவே.

ஆயின் அவ்வரைப்பங்கு நிறைவதற்குக் காலம் வேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவ்விளையோர் பலர் தற்காலிக உதவி விரிவுரையாளராகவே நியமிக்கப்படுகின்றனர். நியமனம் பெரும்பாலும் ஓராண்டுக்கு உரியது. மாணவர் எழுத்தை வாசிக்கப் பழகுவதற்குள் ஆண்டு முடிகின்றது. அவர் கற்றுக்கொண்டது எழுத்தில் பதியப்படாமல் அவரோடு செல்கின்றது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகின்றார். பட்டதாரிகள் பலர்க்கு இதனால் வாய்ப்புக் கிட்டுகின்றது என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பைப் பகிர்தல் வேறு, அனுபவத்தைச் சிந்துதல் வேறு. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் வாயிலில் மணல் சேர்ந்தமையால் படகுகள் உட்புகுவது தடைப்பட்டதை இவ்வூரார் அறிவர். ஒருமுறை அகழ்ந்தால் போதாது, தொடர்ந்து அகழ வேண்டும். எழுத்துப் பயிற்சியும் அத்தகையதே.

எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உதவி விரிவுரையாளர் வகுப்பெடுக்கு முன்னர், மூத்தோர் சிலர் திருத்திய கட்டுரைகளை அவரோடு அமர்ந்து வாசித்தல். இரண்டாவது, ஒவ்வோராண்டும் மாணவர் எழுத்திற் கண்ட குறைகளையும் பயன்தந்த பயிற்சிகளையும் அவர் குறித்துவைத்து, அடுத்தவர்க்குக் கையளித்தல். இதற்கு ஒரு குறிப்பேடு போதும். மூன்றாவது, எழுத்துப் பயிற்சியில் ஈடுபடுவோர்க்கேனும் நியமனக் காலத்தை நீட்டித்தல். முன்னைய இரண்டையும் துறைகள் தாமே இவ்வாண்டே தொடங்கலாம். மூன்றாவதற்கே அரசின் இசைவு வேண்டும்.

விபுலானந்தரின் வகுப்பிலிருந்து வித்தியானந்தன் தோன்றியது ஓராண்டு நியமனத்தின் பயனன்று. அவருக்குக் கற்பிக்கவும், மேலும் கற்கவும், மீண்டு வந்து கற்பிக்கவும் இடம் இருந்தது. அத்தகைய இடம் இன்று ஒலுவிலில் மாணவர் முன் நிற்கும் இளைஞர்க்கும் யுவதியர்க்கும் கிட்டுமாயின், எழுதத் தயங்கும் மாணவர் பலர் தம் சொந்த வாக்கியத்தை எழுதுவர். அடுத்த ஆண்டு துறைத்தலைவர் இவர்களை அறிமுகஞ் செய்யும்போது, பெயரோடும் பெற்ற வகுப்போடும் நிறுத்தாது, ‘உங்கள் கட்டுரைகளை முதலில் வாசிக்கப் போகிறவர் இவர்’ என்று ஒரு வாக்கியம் கூட்டிச் சொல்வாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.