ஹூண்டாய் ராயல்டி சர்ச்சை

ஹூண்டாய் மோட்டார் இந்தியா தன் தென்கொரியத் தாய் நிறுவனத்துக்குக் கட்டும் ராயல்டி பற்றி 2024இல் முதலீட்டாளர்களிடையே எழுந்த விவாதம். தொழில்நுட்பத்தையும் பெயரையும் பயன்படுத்துவதற்கான உரிமத்தொகையே இங்கு ராயல்டி எனப்படுகிறது.

1996இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் ஆலை காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. பங்குச் சந்தைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஜூனில், ராயல்டி விற்பனை வருவாயில் 3.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆண்டு வருவாய் ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய் என்று கொண்டால் தோராயக் கணக்கில் 2,450 கோடி. லாபமோ நட்டமோ, விற்ற காருக்கு ராயல்டி உண்டு. சிறு பங்குதாரருக்கு மிஞ்சிய லாபத்தில் ஈவுத்தொகை மட்டும். தாய் நிறுவனத்துக்கோ ராயல்டி ஒரு கையில், ஈவுத்தொகை மறு கையில். பங்குச் சந்தைக்கு வந்த அந்த முதல் வெளியீட்டில் புதிய பங்கு ஒன்றுகூட இல்லை. திரட்டிய 27,870 கோடியும் தாய் நிறுவனத்துக்கே போனது.

மறுதரப்பு வாதமும் லேசானதல்ல. தாய் நிறுவனத்தின் நாம்யாங் ஆய்வு மையம் உருவாக்கும் எஞ்சினையும் வடிவமைப்பையும் சொந்தமாகச் செய்யப் புகுந்தால் செலவு இன்னும் கூடும் என்றார்கள்.

ராயல்டி ஆண்டு வருவாயில் 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் சிறுபான்மைப் பங்குதாரரின் ஒப்புதல் வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. முதலில் 2 சதவீதம் என்று வைத்த வரம்பை 2019இல் செபியே தளர்த்தியது. ஹூண்டாயின் 3.5 அந்த இரண்டுக்கும் நடுவே வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அதே 2024 மே மாதம் ராயல்டியை 4.5இலிருந்து படிப்படியாக 5.25 ஆக்க நெஸ்லே இந்தியா கேட்டபோது, பங்குதாரர்கள் வாக்களித்து மறுத்துவிட்டார்கள்.

1,960 ரூபாய்க்குக் கொடுத்த ஹூண்டாய் பங்கு அக்டோபர் 22 அன்று பட்டியலாகி, முதல் நாளிலேயே சுமார் 7 சதவீதம் சரிந்தது. சில்லறை முதலீட்டாளர் ஒதுக்கீட்டில் பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்திருந்தது. காரணம் ராயல்டி மட்டுமல்ல, விலையும்தான்.