சூத்திரம் முந்தியதா, உரை முந்தியதா? - ஒரு மேசை விளையாட்டின் சண்டை விதிகள்

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். விலை பத்து டாலர். முதல் அச்சு ஆயிரம் படிகள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்கிறார்கள். நடுவராக இருப்பவர் உலகை விவரிக்க, வீரரும் மந்திரவாதியும் என்ன செய்கிறார்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஐயமான இடங்களில் பகடை முடிவு சொல்கிறது. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒரு விளையாட்டு வகைக்கு அந்தப் பெட்டியே முதல் நூல்.

அந்த முதல் நூலில் ஒரு விதி உண்டு. சாதாரண மனிதர்களோடு மோதும்போது ஓர் அரக்கனுக்கு, அவன் உயிர்வலிமையைக் குறிக்கும் பகடைகள் எத்தனையோ அத்தனை வீச்சுகள். எடுத்துக்காட்டாக ட்ரோல் என்னும் அரக்கன் ஆறு முறை தாக்குவான்; அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் மூன்று கூட்டிக்கொள்ளலாம். படித்தவுடன் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆடத் தொடங்கினால் கேள்விகள் முளைக்கின்றன. 'சாதாரண மனிதர்' யார்? முதல் படிநிலையில் நிற்கும் என் வீரன் சாதாரணனா, அல்லவா? அடுத்து, இந்த விதி எந்தச் சண்டை முறைக்கு உரியது? ஏனெனில் நூல் இரண்டு முறைகளைச் சுட்டுகிறது. ஒன்று, கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விளையாட்டின் முறை. மற்றது, இருபது பக்கப் பகடையைக் கொண்ட 'மாற்று முறை'. அந்த வீரனின் உயிர்ப்புள்ளி பொதுவாக ஏழைத் தாண்டாது. ட்ரோலின் வீச்சு ஒன்றா ஆறா என்பது அவன் பிழைப்பதா சாவதா என்ற கேள்வி. போதாக்குறைக்கு, இருவர் மோதினால் முதலில் யார் கை ஓங்கும் என்பதையே மூன்று புத்தகங்களும் தெளிவாகச் சொல்லவில்லை.

இதை எழுத்தாளரின் கவனக்குறைவு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கைகாக்ஸின் உரைநடை ஒழுங்கற்றது என்பது உண்மைதான். ஆனால் காரணம் அதைவிட ஆழமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிப் போகவேண்டும்.

பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் தந்தையின் முயற்சியைச் செப்பனிட்டு, 1824-இல் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் போர்ப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டார். வரைபடம், படைத் துண்டுகள், பகடை, இழப்புகளைக் கணக்கிட அட்டவணைகள், இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நடுவர். காலப்போக்கில் அட்டவணைகள் பெருகின, நடுவர் கணக்கராகிப்போனார். 1873-இல் மெக்கெல் இதைக் குறைசொல்லி எழுதினார். 1876-இல் வெர்டி து வெர்னுவா ஒரேயடியாக அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கினார். போர் அறிந்த அதிகாரி வரைபடத்தைப் பார்த்து முடிவு சொன்னால் போதும் என்பது அவர் கட்சி. 1866, 1870-71 போர்களைக் கண்டு மீண்ட அதிகாரிகள் அப்போது நிறையவே இருந்தார்கள். விதி குறைந்தால் அனுபவம் ஈடுசெய்யும் என்று சொல்ல அவர்களால் முடிந்தது. அனுபவமற்ற ஒருவர் நடுவராக அமர்ந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி.

இந்த எண்ணம் அட்லாண்டிக்கைக் கடந்தது. அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880-இல் வெளியிட்ட 'ஸ்ட்ராடெகோஸ்' நூலை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி கண்டெடுத்தார். ஆட்டக்காரர் எதையும் முயலலாம், முடிவு நடுவருடையது என்ற கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. 1969-இல் 'ப்ரவுன்ஸ்டைன்' என்னும் கற்பனை ஜெர்மன் நகரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் இருவர் தமக்குள் துவந்த யுத்தம் செய்யப் புறப்பட, அதற்கு விதி ஏதும் இல்லாமையால் அந்த இடத்திலேயே ஒன்றை இயற்றவேண்டியதாயிற்று. ஆட்டம் குழம்பிவிட்டது என்று வெஸ்லி வருந்தினார். ஆடியவர்களோ மறுபடி வேண்டும் என்றார்கள். அவர்களுள் ஒருவர் டேவ் ஆர்னசன். 1971-இல் அவர் தொடங்கிய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் முதலில் செயின்மெயில் விதிகளே இருந்தன. ஒரே அடியில் மாந்தர்கள் மடிவது பிடிக்காமல், தாம் முன்பு அமைத்த கவசக் கப்பல் போர் விளையாட்டிலிருந்து உயிர்ப்புள்ளிக் கணக்கை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். இன்று வாள்வீரனுக்குள் ஓடும் அந்தக் கணக்கு ஒரு காலத்தில் கப்பலுடையது என்பது எனக்கு என்றும் வியப்பு.

ஆக, 1974 நூல் பிறக்கும் முன்பே நடுவர் இருந்தார். ஆடும் முறை வாய்மொழியாக, மேசைக்கு மேசை இருந்தது. நூல் அதன் நினைவுக்குறிப்பு மட்டுமே. தொல்காப்பியமோ நன்னூலோ கற்றவர்களுக்கு இது புதிதன்று: சூத்திரம் ஆசிரியர் வாயிலாகக் கேட்பதற்கென்று சுருக்கப்பட்டது; உரையை உதறிவிட்டு மூலத்தை மட்டும் அஞ்சலில் அனுப்பினால் பெற்றவர் விழிப்பார். லேக் ஜெனிவாவின் பெட்டிக்கு நேர்ந்ததும் அதுவே.

விழித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆண்ட்ரே விதிகளைப் படித்துக் குழம்பி, 1975-இல் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்று தமக்கு ஒன்று எழுதிக்கொண்டார். கால்டெக் மாணவர்கள் 'வார்லாக்' என்ற பெயரில் சண்டை முறையைத் திருத்தினார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் பெரின் 1976-இல் தொகுத்த விதிகளின் வழியில் 1978-இல் 'ரூன்குவெஸ்ட்' பிறந்தது. சேனாவரையர் இளம்பூரணரை மறுத்து எழுதியதுபோல, இவர்கள் மறுத்தே வளர்ந்தார்கள்.

மூலவரும் உரை எழுதினார். 1975 கோடையில் 'ஸ்ட்ராடெஜிக் ரெவ்யூ' இதழில் வந்த கேள்வி-பதிலில், தனித்துச் செல்லும் ஒரு வீரனைப் பத்து ஓர்க்குகள் தாக்கும் காட்சி விளக்கப்பட்டது. யார் முந்துவது என்பதற்குப் பகடை உருட்டவேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்டது. ஒரு தரப்பின் வலிமை ஒரு பகடை அல்லது அதற்கும் குறைவு என்றால் அது 'சாதாரணச்' சண்டை. அங்கே வீரனுக்குப் படிநிலைக்கு ஒரு வீச்சு உண்டு. நம் ட்ரோலின் ஆறு வீச்சுக்கும் இந்த வெளிச்சத்திலேயே பொருள்கொள்ள முடிந்தது.

அடுத்த திருப்பம்தான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. 1974-இல் 'நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்' என்ற தொனியில் விடைகொடுத்த அதே கைகாக்ஸ், ஆர்னசன் உரிமத்தொகைக்காக வழக்குத் தொடுத்த 1979-இல், 'அட்வான்ஸ்டு' பதிப்பு வேறு விளையாட்டு என்றும் எல்லா மேசைகளிலும் ஒரே விதி வேண்டும் என்றும் வாதாடினார். பொருள் யாருக்குச் சொந்தம் என்பது இப்போது பணத்தையும் தொட்ட கேள்வி. அவ்வாண்டு வந்த நடுவர் கையேடு எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று முனைந்தது. ஆயுதத்துக்கு வேக எண், மந்திரத்துக்கு உச்சரிப்பு நேரம், ஒரு நிமிடச் சுற்றுக்குப் பத்துக் கூறுகள்.

விளைவைப் பாருங்கள். மந்திரம் சொல்பவனை ஒருவன் ஆயுதத்தால் தாக்குகிறான். முந்துரிமைப் பகடையில் தோற்றிருக்கிறான். அவனுடைய வேக எண்ணிலிருந்து தோற்ற பகடையைக் கழிக்கவேண்டும். குறை எண் வந்தால் அதை மிகை எண்ணாகக் கொள்ளவேண்டும். குத்துவாளின் வேக எண் 2. பகடையில் 2 விழுந்தால் விடை சுழி. நெருப்புப் பந்து மந்திரத்துக்கு மூன்று கூறுகள் ஆகும், குத்து முந்திவிடும். பகடையில் 5 விழுந்தால் விடை 3. குத்தும் நெருப்பும் ஒரே கணத்தில். நல்ல பகடை விழுந்தவன் தாமதிக்கிறான்! இது எழுத்துப்படி நின்று படித்தால் கிடைக்கும் பொருள். இந்த ஒரு பகுதியை ஒழுங்குபடுத்த, 2000-களில் ஆர்வலர் ஒருவர் அடிக்குறிப்புகள் மண்டிய இருபது பக்க அளவிலான உரையைத் தொகுத்தார். கைகாக்ஸோ, 2008-இல் மறையும் முன் இணையக் கேள்வி-பதில்களில், வேக எண்ணைத் தம் மேசையில் தாம் பயன்படுத்துவதில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அந்தக் கையேட்டின் இறுதியிலும், எழுத்தைவிட ஆட்டத்தின் கருத்தே பெரிது என்று அவரே எழுதியிருக்கிறார். முன்னே ஐந்நூறு விதி, பின்னே இந்த ஒரு புறநடை.

பிறகு வந்த பதிப்புகளை விரைந்து கடந்து 2014-க்கு வருவோம். ஐந்தாம் பதிப்பு நடுவருக்குப் பழைய உரிமையை மீட்டுத் தந்தது. ஆனால் ஐயம் வேறு வடிவில் நுழைந்தது. 'மெலி வெப்பன் அட்டாக்' என்றொரு தொடர். நன்னூல் உரையில் 'மரவேலி' ஆறு வகையாக விரியும் என்று மாணவர்க்குச் சொல்லித்தருகிறோம் அல்லவா? இங்கும் அதே தொகைச் சிக்கல். நெருங்கிநின்று செய்யும் ஆயுதத் தாக்குதலா, நெருங்கிநின்று வீசும் ஆயுதத்தால் செய்யும் தாக்குதலா? எறிந்த குத்துவாள் நெருக்க ஆயுதம், ஆனால் தொலைத் தாக்குதல். வெறுங்கைக் குத்தோ ஆயுதம் அன்று, ஆனால் ஆயுதத் தாக்குதல் என்றே எண்ணப்படும். அப்படியானால் பாலடின் என்னும் அறவீரன் தன் தெய்வீக அடியை வெறுங்கைக் குத்தோடு சேர்க்கலாமா? கூடாது, அந்த விதி ஆயுதத்தின் காயத்தைச் சுட்டுகிறது என்று அதிகாரபூர்வ விளக்கம் சொன்னது. கூடவே, நடுவர் மாற்றிக்கொண்டால் ஆட்டத்தின் சமநிலை கெடாது, அறவீரனுக்கு ஆயுதமே மரபு என்பதால் அப்படி எழுதினோம் என்றும் ஒப்புக்கொண்டது.

பல மேசைகளில் அதற்கு முன்பே வெறுங்கையை அனுமதித்திருந்தார்கள். 2024 திருத்தப் பதிப்பில், தெய்வீக அடிக்கான விதியில் நெருக்க ஆயுதத்துக்குப் பக்கத்தில் வெறுங்கைக் குத்தும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது.