உணரிச் சோதனைப் பொறியியல்

வெப்பநிலை, அழுத்தம், அதிர்வு, ஒளி போன்றவற்றை அளக்கத்தக்க மின்குறிப்பாக மாற்றும் சாதனம் உணரி. சென்சார் என்பது வழக்குச் சொல். புதிதாக உருவாகும் உணரியும் அதைக் கொண்டமைந்த அளவுக்கருவியும் எந்த எல்லைக்குள், எவ்வளவு பிழையோடு, எத்தனை காலம் நம்பத்தக்கவை என்பதைச் சோதனையால் நிறுவுவது உணரிச் சோதனைப் பொறியியல்.

இத்துறையின் இயல்பைப் பிளாட்டின வெப்பமானியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. சூடேறினால் உலோகக் கம்பியின் மின்தடை கூடும். இதைக் கொண்டு வெப்பநிலையை அளக்கலாம் என்று 1871-இல் லண்டன் ராயல் கழகத்தில் ஆற்றிய பேக்கரியன் சொற்பொழிவில் வில்லியம் சீமன்ஸ் விளக்கினார். உலைகளுக்காக அவர் செய்த கருவியில் பிளாட்டினக் கம்பி சுடுமண் உருளையில் சுற்றப்பட்டு இரும்புக் குழாய்க்குள் வைக்கப்பட்டிருந்தது. பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் குழு ஒன்று இதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆராய்ந்து, 1874-இல் அறிக்கை அளித்தது. ஒவ்வொரு முறை உலையில் வைத்து எடுத்த பிறகும் பனிக்கட்டி நிலையில் கம்பியின் மின்தடை முன்பிருந்த மதிப்புக்குத் திரும்பவில்லை. கருவி மீதான நம்பிக்கை குலைந்தது.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹியூ காலண்டர் இந்தச் சிக்கலை மீண்டும் எடுத்துக்கொண்டார். பிளாட்டினத்தில் குறையில்லை, அது மாசடைவதும் இழுவிசைக்கு உள்ளாவதுமே காரணம் என்று 1887-இல் வெளியான ஆய்வுரையில் அவர் நிறுவினார். தூய கம்பியை இறுக்கமின்றிச் சுற்றி, மாசு அண்டாமல் காத்தபோது அளவீடுகள் நிலைத்து நின்றன. அபிரகத் தாங்கியும் கண்ணாடிக் குழாயும் இவ்வாறே வழக்கத்துக்கு வந்தன. வாயு வெப்பமானியோடு ஒப்பிட்டு, மின்தடையையும் வெப்பநிலையையும் இணைக்கும் இருபடிச் சமன்பாட்டையும் அவர் தந்தார். தோல்வியைப் பதிவுசெய்த சோதனையே திருத்தத்துக்கு வழிகாட்டியது. 1927-ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோல் இக்கருவியை ஏற்றது. 1990-ஆம் ஆண்டின் அளவுகோலில் 13.8033 கெல்வின் முதல் 961.78 பாகை செல்சியஸ் வரை இதுவே தரக்கருவி.

சோதனையின் முதற்படி அளவுத்திருத்தம். அறிந்த மதிப்புகளை உணரிக்கு அளித்து, அது காட்டுவதை அவற்றோடு ஒப்பிடுவதே இது. வெப்பமானிக்கு 0.01 பாகையில் நிலைக்கும் நீரின் மும்மைப் புள்ளி முதன்மையான ஆதாரம். அடுத்து, அதே மதிப்பை மறுபடியும் கொடுத்தால் அதே விடை வருகிறதா, ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் விடை மாறுகிறதா, திடீர் மாற்றத்தின் 63.2 விழுக்காட்டை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பவை அளக்கப்படும். பின்னர் வெப்பப்பெட்டி, ஈரப்பதப்பெட்டி, அதிர்வு மேசை ஆகியவற்றில் உணரி வைக்கப்படும். நாட்பட மதிப்பு நகர்வதைக் கண்டறியும் சோதனையே மிகுந்த பொறுமையைக் கேட்பது.

உணரி சரியாக இருந்தும் இணைப்பு பிழை தரலாம். தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படும் பிடி100 உணரியின் மின்தடை 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.51 ஓம். ஆகவே இணைப்புக் கம்பியின் 1 ஓம் தடை ஏறத்தாழ 2.6 பாகைப் பிழையாகும். நான்கு கம்பி இணைப்பு இதைத் தவிர்க்கிறது. அளக்கச் செலுத்தும் மின்னோட்டமே உணரியைச் சூடாக்குவதால், அது 1 மில்லிஆம்பியர் அளவில் சிறிதாக வைக்கப்படுகிறது.

சோதனைப் பொறியாளர் உணரியை வடிவமைத்தவராக இல்லாதிருப்பதே முறை. தன் படைப்பின் குறை தன் கண்ணுக்கு எளிதில் படாது. எனினும் அவர் வடிவமைப்பின் தொடக்கத்திலிருந்தே உடனிருக்க வேண்டும். அவரது அறிக்கை அளவீட்டு மதிப்போடு அதன் ஐயப்பாட்டையும் சொல்லி, தேசியத் தரம் வரை ஒப்பீட்டுச் சங்கிலியைக் காட்டும். இந்தியாவில் அத்தரங்களைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது.

இன்று சிலிக்கான் நுண்ணுணரிகள் பெருந்தொகையில் உற்பத்தியாவதால், சோதனையின் பெரும்பகுதியைத் தானியங்கிப் பொறிகள் செய்கின்றன.