நீர் போன வழி
மோட்டார் வண்டி குளிர்ந்த வரலாறு

நேற்று மேல்விளிம்பு வரை நிரப்பிய நீர் இன்று ஒரு சாண் இறங்கியிருக்கிறது. வண்டி நின்ற தரையிலோ ஒரு துளியும் இல்லை. நீர் எங்கே போயிற்று? பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரையும் அலைக்கழிக்கும் இக்கேள்வி, மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் எழவே இல்லை. அன்று நீர் குறைவது வண்டி ஓடுவதன் இயல்பு. இயல்பாயிருந்த ஒன்று பிற்காலத்தில் நோயாக மாறிய கதையை அறிந்தோர்க்கே, அந்நோயின் மூலத்தைத் தேடும் முறைகளும் தெளிவாக விளங்கும்.

எரிபொருள் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதை அகற்றாவிடின் சிலிண்டரும் பிஸ்டனும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இயந்திரம் இறுகிவிடும். 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரிய ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ், இதற்கு மிக எளிய வழியைக் கையாண்டார். சிலிண்டரைச் சுற்றி நீரை நிறுத்தினார்; அது கொதித்து ஆவியாகிப் போக விட்டார். எளிய வழியேயாயினும் அறிவுக்குப் பொருந்திய வழி. ஒரு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி சென்டிகிரேட் வரை சூடாக்க 80 கிலோகலோரி போதும். அதே நீரை ஆவியாக மாற்றவோ ஏறத்தாழ 540 கிலோகலோரி வேண்டும். ஆவியாகும் நீரே மிகுந்த வெப்பத்தைச் சுமந்து செல்கிறது.

அதற்குரிய விலையைக் கொடுத்தவர் அவர் மனைவி பெர்தா பென்ஸ் அம்மையார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கணவருக்கு முன்னதாகச் சொல்லாமலே, ஓய்கன், ரிச்சர்ட் என்னும் இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு வண்டியோட்டிச் சென்றார். எரிபொருளை வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் வாங்கினார் என்பதைப் பலர் அறிவர். ஆனால் எரிபொருளைவிட அடிக்கடி அவர் தேட நேர்ந்தது நீரைத்தான். நீர் கிடைத்த இடமெல்லாம் நின்று நிரப்பியே அப்பயணம் முடிந்தது. நீர் எங்கே போயிற்று என்று அம்மையார் வியந்திருக்க வாய்ப்பே இல்லை. கண்ணெதிரே ஆவியாகப் போயிற்று.

ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியைச் செம்மை செய்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டியின் முகப்பில் அவர் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில், ஆறு மில்லிமீட்டர் சதுர வாயுடைய 8,070 சிறு குழாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களினூடே காற்று செல்லும். அவற்றின் இடைவெளியில் நீர் இறங்கும். அவ்வளவு வலிய இயந்திரத்திற்கு ஒன்பது லிட்டர் நீரே போதுமாயிற்று. (ரேடியேட்டர் என்னும் சொல் வெப்பத்தைக் கதிராக வீசுவது என்று பொருள்படும். உண்மையில் அது தன் வெப்பத்தில் பெரும்பகுதியை ஓடும் காற்றிடம் ஒப்படைக்கிறதேயன்றிக் கதிராக வீசுவதில்லை. பொருந்தாப் பெயர்தான், ஆயினும் நிலைத்துவிட்டது.)

ஆயினும் நீர் குறைவது நிற்கவில்லை. 1908 முதல் 1927 வரை உருவான ஃபோர்டு டி வகை வண்டிகளில், முதற்சில ஆயிரம் நீங்கலாக, நீரைத் தள்ளும் பம்பே கிடையாது. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே நீரைச் சுழற்றியது. மேடேறினால் கொதிக்கும், மூடியின் வழியே ஆவி சீறும். ரேடியேட்டர் மூடியின் மேல் வெப்பமானியைப் பொருத்திக்கொள்வது அக்காலத்து வழக்கமாயிற்று. குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்க ஆல்கஹால் கலந்தனர். அது நீருக்கு முன்பே ஆவியாகிவிடும் ஆதலால், குளிர்காலம் முழுவதும் கலவையின் அடர்த்தியை அளந்து பார்த்து மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தது. 1927இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்னும் பெயரில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்த பின்னரே இத்தொல்லை குறைந்தது. கிளைக்கால் 197 டிகிரியில்தான் கொதிக்கும், எளிதில் ஆவியாகாது. ஆனால் நீர் கசியாத நுண்ணிய சந்திலும் அது நுழையும் இயல்புடையது. பழைய ரப்பர்க் குழாய்களின் குறைகள் அதனாலேயே வெளிப்பட்டன.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அழுத்த மூடி. நீரின் மேலுள்ள அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 15 இராத்தல் கூடினால், அது 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை நீராகவே நிற்கும். சூடான இயந்திரத்தின் மூடியைத் திறப்போர் முகமும் கையும் வெந்துபோவதற்குக் காரணம் இதுவே: அழுத்தம் நீங்கிய கணத்தில் நீர் பொங்கி ஆவியாகப் பாய்கிறது. 1961இல் வெளிவந்த ரெனோ 4 வண்டி, விரிவுக் கலத்தோடு கூடிய மூடிய குளிர்விப்பு முறையுடன் வந்தது. சூடேறிப் பெருகும் நீர் கலத்திற்குச் சென்று, குளிர்ந்தபின் திரும்பும். ஓட்டுநர் நீர் ஊற்ற வேண்டுவதில்லை. நீர் குறைவது நோயெனக் கருதப்பட்டது இத்தகைய மூடிய முறை பரவியதன் பின்னரே. அதே வேளையில் ஓட்டுநரும் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை இழந்தார். ஆதாயத்தோடு வந்த நட்டம் இது.

மூடிய முறையில் குறைந்த நீர் மூன்று வழிகளில் ஒன்றில்தான் போயிருக்க வேண்டும்: வெளியே, எண்ணெய்க்குள், அல்லது எரியும் அறைக்குள். வெளியே போவது எப்போதும் தரையில் தெரிய வேண்டுமென்பதில்லை. சூடான இரும்பின் மீது கசியும் துளி விழுமுன்பே ஆவியாகிவிடும். வெண்மையான அல்லது பச்சையான உலர்ந்த கறை மட்டுமே எஞ்சும். பம்பின் அடியிலுள்ள சிறு துளை, அணைப்பு வட்டத்தகடுகள், குழாய் முனைகள், வில் தளர்ந்த மூடி ஆகியவற்றில் அக்கறையைத் தேட வேண்டும். உறைபனி காணாத மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வெறுங் குழாய்நீரே போதுமென்று எண்ணுவோர் உண்டு. துரு தடுக்கும் மருந்தில்லாத அந்நீர், மேற்சொன்ன தகடுகளை உட்புறமிருந்தே அரித்துவிடுகிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது கைப்பம்பினால் அழுத்தமேற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது பட்டறைகளின் முதற்சோதனை.

முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையெனில் ஐயம் உள்ளே திரும்புகிறது. வார்ப்பிரும்பின் மேல் அலுமினியத் தலை பொருத்திய இயந்திரங்களில் இது பெரிதும் நேரும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. ஆண்டுக்கணக்காக இவ்விரண்டின் இழுபறியைத் தாங்கும் கேஸ்கெட் ஒருநாள் விட்டுக்கொடுக்கிறது. இரவில் எஞ்சிய அழுத்தம் நீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். காலையில் வண்டியைக் கிளப்பினால் வெண்புகை எழும். குளிர்நாட்டில் நல்ல வண்டியும் காலையில் வெண்ணாவி விடும் ஆதலால் அங்கே இக்குறி ஏமாற்றக்கூடும். வெப்பநாட்டில் நெடுநேரம் நீடிக்கும் வெண்புகை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. நீர் எண்ணெயில் கலந்தாலோ எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும்.

எரிவாயு நீருக்குள் வருகிறதா என்று அறியப் பழைய பட்டறைக்காரர்கள் கையாண்ட முறை இன்றும் பயன்படுவதே. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, விசிறிப் பட்டையை நீக்கி, நீரை விளிம்பு வரை நிரப்பி, குளிர்ந்த இயந்திரத்தைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டுவர். நீர் சூடாகுமுன்பே குமிழி வந்தால் அது கொதிப்பன்று. கேஸ்கெட்டைத் தாண்டிய புகை. பின்னர் வேதியியல் துணைக்கு வந்தது. ரேடியேட்டரின் மேலுள்ள காற்றைப் புரோமோதைமால் நீலக் கரைசலின் வழியே இழுத்தால், கரியமிலவாயு இருப்பின் நீலம் மஞ்சளாகும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் தம் மூச்சை ஊதி நிறம் மாறக் காணும் அதே சோதனைதான்.

சோதிக்காமல் நாள்தோறும் நீரூற்றிக்கொண்டே ஓட்டுவோர் பெரிதும் நம்புவது வெப்பமானியின் முள்ளை. ஆனால் அதன் உணரி நீரில் மூழ்கியிருக்கும் வரையே அது உண்மை சொல்லும். நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், தலை வளையும் அளவுக்கு இயந்திரம் கொதித்துக்கொண்டிருக்கையிலும், முள் குளிர்ந்த பக்கம் சாய்ந்து நிற்கக்கூடும்.