ஆகஸ்டில் எழுதப்படும் தீர்ப்பு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் முன்பருவத் தரவரிசையின் வரலாறு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கும். அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே நாட்டின் தலைசிறந்த 25 அணிகள் எவை என்ற பட்டியல் வெளியாகிவிடும். அப்போது ஓர் அணிகூடக் களமிறங்கியிருக்காது. ஆனாலும் அந்தப் பட்டியல் தலைப்புச் செய்தியாகும், விவாதமாகும், மாதக்கணக்கில் மேற்கோளாகவும் காட்டப்படும். பத்திரிகையில் இடம் நிரப்பப் பிறந்த ஒரு வழக்கம், சாம்பியன் பட்டத்துக்கு யார் மோதுவது என்பதிலேயே கைவைக்கும் அளவுக்கு எப்படி வலுப்பெற்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் சில அடிப்படைச் செய்திகள். இங்கே பேசப்படுவது நம் ஊர் மைதானங்களில் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. இதன் உயர்மட்டப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. மோதலும் காயமும் மிகுந்த ஆட்டம் என்பதால் பொதுவாக வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். ஒரு பருவத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 12 ஆட்டங்கள். ஆகவே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு கூடைப்பந்துக்கு நாக்அவுட் போட்டி நடத்திச் சாம்பியனை அறிவிக்கிறது. உயர்மட்டக் கால்பந்துக்கு அது இன்றுவரை சாம்பியன் போட்டி நடத்தியதில்லை. களம் தீர்க்காத கேள்வியைக் கருத்துதான் தீர்த்தது. தரவரிசையின் செல்வாக்குக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பேராசிரியரும் பத்திரிகை ஆசிரியரும்

1920களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன் ஒரு கணக்கு முறையை வகுத்தார். வலுவான அணியை வென்றால் 30 புள்ளி, அதனிடம் தோற்றாலும் 15 புள்ளி. வலுக்குறைந்த அணியை வென்றால் 20. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி காண்பார். சிகாகோ ஆடை உற்பத்தியாளர் ஜாக் ரிஸ்மன் இதற்கென ஒரு கோப்பையே வழங்கினார். நோட்ர டேம் அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் நூட் ராக்னி, இந்தக் கணக்கை 1924 பருவத்துக்கும் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த ஆண்டில் அவருடைய அணி தோல்வி காணாதது. கணக்கும் அதையே முதலிடத்தில் வைத்தது. தரவரிசையைத் தம் பக்கம் சாய்த்துக்கொள்ளப் பயிற்சியாளர்கள் முயல்வது அவ்வளவு பழையது. இருந்தாலும் டிக்கின்சன் முறையில் ஒரு நேர்மை இருந்தது. ஆடி முடித்த ஆட்டங்களை மட்டுமே அது எண்ணியது. ஆடாத அணிக்கு அதில் புள்ளி கிடையாது.

பத்திரிகைக்காரர்களின் தேவை வேறு. ஆட்டம் சனிக்கிழமை முடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமைவரை பக்கத்தை நிரப்ப வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கூல்ட், 1935இல் தம் சொந்த மதிப்பீட்டில் மினசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெத்தடிஸ்ட் ஆகிய மூன்று அணிகளையும் சமமாக முதலிடத்தில் வைத்தார். மினசோட்டா ரசிகர்கள் கொதித்துப்போய் அவருக்குக் கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள். ஒருவரே தீர்ப்புச் சொல்வதைவிட நாடெங்கும் உள்ள விளையாட்டு ஆசிரியர்களிடம் வாக்குக் கேட்கலாமே என்று நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரப் பத்திரிகையாளர் சை ஷெர்மன் யோசனை சொன்னார். 1936 அக்டோபரில் ஏ.பி. வாராந்தர வாக்கெடுப்பு பிறந்தது. முதல் பட்டியலிலும் மினசோட்டாவே முதலிடம், பருவம் முடிந்தபோதும் அதுவே முதலிடம். இடையில் அந்த அணி நார்த்வெஸ்டர்னிடம் 6–0 என்று தோற்று இறங்கி, மீண்டும் ஏறி வந்தது. சனிக்கிழமைகளுக்கு இடையே ஆர்வத்தையும் வாதத்தையும் மூட்டுவதே தம் நோக்கம் என்று கூல்ட் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

அந்த முதல் வாக்கெடுப்பு அக்டோபரில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அணிகள் சில ஆட்டங்கள் ஆடிய பிறகே வாக்களித்தார்கள். தொடங்கியவர்களின் நடைமுறை அறிவு அப்படி இருந்தது.

1950: ஆடாத அணிகளுக்கு முதல் வரிசை

ஏ.பி. முதன்முதலாக முன்பருவத் தரவரிசையை வெளியிட்டது 1950இல். பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் யுனைடெட் பிரஸ் தரவரிசை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஏ.பி. முன்பருவப் பட்டியலில் முதலிடம் பெற்றது நோட்ர டேம். காரணம் எளிது. முந்தைய ஆண்டின் சாம்பியன். பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி. தொடர்ந்து பல ஆண்டுகளாகத் தோல்வியே காணாத அணி. அக்டோபர் 7ஆம் நாள் சொந்த மைதானத்திலேயே பர்டூவிடம் 28–14 என்று அது தோற்றது. 39 ஆட்டங்களாகத் தோல்வியில்லாமல் நீண்டுவந்த தொடர் அன்றோடு அறுந்தது. நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன் என்ற கணக்கோடு பருவத்தை முடித்த அந்த அணிக்கு இறுதித் தரவரிசையில் இடமே இல்லை.

முதல் முயற்சியே இப்படிச் சறுக்கியும் பழக்கம் நிலைத்தது. 1964இல் முதலிடத்தில் தொடங்கிய மிசிசிப்பி 5–5–1 என்று முடித்தது. 2012இல் முதலிடத்தில் தொடங்கிய சதர்ன் கலிஃபோர்னியா 7–6 என்று முடித்துத் தரவரிசையை விட்டே வெளியேறியது. 1950 முதல் 2024 வரை முன்பருவ முதலிடம் பெற்ற அணி ஏ.பி. சாம்பியனாகவும் முடிந்த ஆண்டுகளை எண்ணினால், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு வாரமும் முதலிடத்தை விடாத முதல் அணி 1999இல் ஆடிய ஃபுளோரிடா ஸ்டேட். முன்பருவத் தரவரிசை தொடங்கிய ஐம்பதாவது பருவம் அது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாம்பியன்களில் பெரும்பாலோர் ஆகஸ்டில் முதல் பத்துப் பதினைந்து இடங்களுக்குள் இருந்தவர்கள்தான். எந்த அணிகள் வலுவானவை என்பதைப் பட்டியல் ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறது. அவற்றுக்குள் எது முன், எது பின் என்பதில்தான் தடுமாறுகிறது. ஆனால் நெடுங்காலம் பட்டம் தீர்மானமானது அந்த முன்பின் வரிசையில்தான். 1966இல் முதலிடத்தில் தொடங்கிய அலபாமா ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்தும் மூன்றாமிடம்தான் பெற்றது. நவம்பர் 19ஆம் நாள் 10–10 என்று சமன் செய்த நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் அதற்கு மேலே நின்றன. இனப் பாகுபாடு நிலவிய தெற்கில், கறுப்பின வீரர் ஒருவரும் இல்லாத அணியாக அன்று அலபாமா ஆடியது. வாக்களித்தவர்களின் மனத்தில் அதுவும் இருந்திருக்கலாம் என்று பலர் எழுதியுள்ளனர். ஆகஸ்டில் கிடைத்த முன்னிலை எப்போதும் காப்பாற்றாது என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான சான்று 1984. முன்பருவப் பட்டியலில் இடமே பெறாத பிரிகாம் யங் பல்கலைக்கழகம், முதல் ஆட்டத்திலேயே மூன்றாமிடத்தில் இருந்த பிட்ஸ்பர்க்கை 20–14 என்று வென்றது. பிறகு ஆடிய எதையும் தோற்காமல் 13–0 என்று முடித்துப் பட்டம் பெற்றது. பட்டியலில் இல்லாத அணி உச்சிக்கு வர, மேலே இருந்த அனைவரும் சரிய வேண்டியிருந்தது. அது நடந்த ஆண்டு அது.

இதழ்களின் பங்கு

ஆகஸ்டு வாக்காளர் வெறுங்கையோடு உட்காருவதில்லை. 1940இல் தொடங்கிய ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் ஆண்டிதழ் முதல், கோடையில் கடைகளுக்கு வரும் முன்னோட்ட இதழ்கள் பல. 1960இல் டேவ் கேம்பெல் என்ற பத்திரிகையாளர் டெக்சஸின் வேகோ நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே உருவாக்கிய இதழ், அம்மாநிலத்தில் கோடைதோறும் காத்திருந்து வாங்கும் ஒன்றாகிவிட்டது. 1990களில் வந்த ஃபில் ஸ்டீல் இதழ் பொடி எழுத்தில் புள்ளிவிவரங்களை நெருக்கி அடுக்கி ஒரு புதுத் தலைமுறையைப் பழக்கியது. சென்ற ஆண்டு முடிவு, திரும்பி வரும் வீரர்கள், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் அனுபவம், புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தரம், பயிற்சியாளரின் பெயர் ஆகியவையே இந்த இதழ்களின் அளவுகோல். வாக்காளர்களின் அளவுகோலும் அதுவே. ஏ.பி. வாக்குச் சீட்டில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25ஆம் இடத்துக்கு ஒன்று. அறுபதுக்கு மேற்பட்ட பத்திரிகையாளர்களின் சீட்டுகளைக் கூட்டினால் பட்டியல் தயார்.

சிக்கல் அடுத்த வாரம் தொடங்குகிறது. வாக்காளர் புதுச் சீட்டை வெற்றுத் தாளிலிருந்து எழுதுவது அரிது. சென்ற வாரச் சீட்டை எடுத்து, தோற்ற அணியை இறக்கி, வென்ற அணிகளை அந்தந்த இடத்திலோ ஒரு படி மேலேயோ வைப்பார். மேலே இருப்பவர் தோற்காதவரை கீழே இருப்பவர் ஏற வழி குறைவு. ஆகஸ்டின் ஊகம் இப்படித்தான் டிசம்பர்வரை நடந்து வருகிறது.

2004: ஆபர்ன்

அந்த ஊகம் பட்டத்தையே தொட்ட ஆண்டு 2004. அதற்குள் அமைப்பு மாறியிருந்தது. 1998 முதல் பி.சி.எஸ். என்னும் ஏற்பாடு, வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்குகளையும் சேர்த்து முதல் இரண்டு அணிகளை இறுதி ஆட்டத்தில் மோதவிட்டது. 2003இல் அது கசப்பில் முடிந்தது. இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த சதர்ன் கலிஃபோர்னியா இறுதிக்குப் போகவில்லை. தான் சேர்ந்த அணிக் கூட்டமைப்பான மாநாட்டின் இறுதியில் 35–7 என்று நொறுங்கிய ஓக்லஹோமா கணினிகளின் தயவில் போனது. கொதிப்பைத் தணிக்க 2004இல் சூத்திரத்தை மாற்றினார்கள். ஏ.பி. மூன்றில் ஒரு பங்கு, பயிற்சியாளர் வாக்கெடுப்பு மூன்றில் ஒரு பங்கு, கணினிகள் மீதி. மனிதக் கருத்தின் பங்கு மூன்றில் இரண்டானது. அந்தக் கருத்து உருக்கொள்வதோ ஆகஸ்டில்.

அவ்வாண்டு ஏ.பி. முன்பருவப் பட்டியலில் சதர்ன் கலிஃபோர்னியா முதலிடம், ஓக்லஹோமா இரண்டாமிடம். டாமி டியூபர்வில் பயிற்றுவித்த ஆபர்ன் 17ஆம் இடம். முதல் இரு அணிகளும் தோற்கவில்லை. ஆபர்னும் தோற்கவில்லை. முந்தைய ஆண்டு பி.சி.எஸ். பட்டம் வென்ற லூசியானா ஸ்டேட்டை 10–9 என்றும், டென்னசியை 34–10 என்றும், ஜார்ஜியாவை 24–6 என்றும் வென்றது. கடினமான மாநாட்டில் பட்டமும் பெற்றது. 17இலிருந்து ஏறி ஏறி வந்து இறுதிக் கணக்கில் மூன்றாமிடத்தில் நின்றது. முன்னால் இருந்த இருவரும் ஆகஸ்டில் எங்கே நிறுத்தப்பட்டார்களோ அங்கேயே நின்றார்கள். 2005 ஜனவரி 4ஆம் நாள் சதர்ன் கலிஃபோர்னியா ஓக்லஹோமாவை 55–19 என்று வீழ்த்தியது. அதற்கு முந்தைய நாள் வர்ஜீனியா டெக்கை வென்று 13–0 என்று முடித்திருந்த ஆபர்னுக்குப் பட்டத்துக்காக ஆடும் வாய்ப்பே வரவில்லை. அந்த 36 புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தவர் எவரும் ஆபர்ன் அங்கே நின்றிருக்க வேண்டும் என்று நினைக்காமல் இருந்திருக்க முடியாது. வீரர்களின் உழைப்புக்கு இழைத்த அநீதி என்றே இதைக் கொள்கிறேன். ஆபர்ன் செய்த ஒரே பிழை, ஆகஸ்டில் பதினேழாவதாக நினைக்கப்பட்டது.

ஏ.பி. அந்தப் பருவத்தோடு தன் வாக்கெடுப்பை பி.சி.எஸ். பயன்படுத்தக் கூடாது என்று விலகிக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்த ஹாரிஸ் வாக்கெடுப்பு செப்டம்பர் இறுதிக்கு முன் வெளிவராது என்று வைத்தார்கள். முன்பருவ ஊகத்தின் பாரத்தை அமைப்பே ஒப்புக்கொண்ட தருணம் இது.

பொருளியலாளர் ட்ரெவன் லோகன் இத்துறையின் பழைய நம்பிக்கைகளைப் புள்ளியியல் வழியே சோதித்திருக்கிறார். தோற்பதானால் பருவத் தொடக்கத்தில் தோற்பது நல்லது என்பார்கள். அது தவறு, பிற்பகுதியில் தோற்பதே மேல் என்பது அவருடைய முடிவு. தொடக்க வாரங்களில் இழந்த இடத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

சரிவின் வேகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007 செப்டம்பர் 1ஆம் நாள் ஐந்தாமிடத்தில் இருந்த மிச்சிகன், தன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34–32 என்று தோற்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்ட் கோல் முயற்சியை கோரி லிஞ்ச் தடுத்தார். அடுத்த பட்டியலில் மிச்சிகன் இல்லவே இல்லை. வென்ற அணிக்கு வாக்களிக்க அன்றைய ஏ.பி. விதி இடம் தரவில்லை என்பதால், விதியையே பிறகு மாற்றினார்கள்.

குழு வந்த பிறகு

2014 முதல், பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஆடும் அணிகளை ஒரு தேர்வுக் குழு முடிவுசெய்கிறது. அதன் முதல் பட்டியல் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான் வரும். ஏ.பி. வரிசைக்கு அதில் முறையான பங்கு எதுவும் இல்லை. முதல் ஆண்டிலேயே மாற்றம் தெரிந்தது. செப்டம்பரில் வர்ஜீனியா டெக்கிடம் 35–21 என்று தோற்று ஏ.பி. பட்டியலில் 22ஆம் இடத்துக்கு விழுந்த ஒஹாயோ ஸ்டேட், நான்காவது அணியாகத் தேர்வாகிப் பட்டமே வென்றது. 2024இல் தேர்வாகும் அணிகள் பன்னிரண்டாயின. தோற்காத அணி 17ஆம் இடத்தில் தொடங்கியதாலேயே விடுபடும் நிலை இன்று ஏறக்குறைய இல்லை.

கணிப்பின் அடித்தளமும் ஆட்டம் கண்டுவிட்டது. 2021 முதல் வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி ஆடலாம். விளம்பர வருவாயும் பெறலாம். சென்ற ஆண்டு அணியும் இந்த ஆண்டு அணியும் பெயரளவில்தான் ஒன்று. 2024இல் பத்தாமிடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட் 2–10 என்று முடித்தது. பிக் 12 மாநாட்டின் பதினாறு அணிகளில் கடைசியாகக் கணிக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் அந்த மாநாட்டையே வென்றது. 2025இல் தன் வரலாற்றில் முதன்முறையாக முன்பருவ முதலிடம் பெற்ற டெக்சஸ், முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14–7 என்று தோற்றது. அப்பருவத்தின் பட்டம் ஆகஸ்டில் இருபதாமிடத்தில் இருந்த இந்தியானாவுக்குப் போனது.

ஆகஸ்டுப் பட்டியல் இன்னும் வருகிறது. செப்டம்பரில் தொலைக்காட்சி எந்த ஆட்டத்தை மாலை நேரத்தில் காட்டுகிறது என்பதிலும், ‘தரவரிசை பெற்ற அணியை வென்றோம்’ என்று பயிற்சியாளர் சொல்லிக்கொள்வதிலும் அதன் நிழல் இருக்கிறது. ஆய்வு செய்வோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு வெற்றியின் மதிப்பை அளக்கும்போது, எதிரணி ஆட்டநாளில் பெற்றிருந்த இடத்தை எடுக்காதீர்கள். பருவம் முடிந்தபோது அது நின்ற இடத்தை எடுங்கள். ஏ.பி.யும் பயிற்சியாளர்களும் முன்னோட்டத்தை முன்னோட்டமாகவே வெளியிடட்டும். எண்ணப்படும் முதல் வாக்குச் சீட்டு, 1936இல் இருந்ததுபோல, அக்டோபரில் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கட்டும்.