நாள் கடந்த உடனடிப் படத்தாள்

எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே கையிற் பிடித்துப் பார்க்கும் வசதியை உலகிற்கு அளித்தவர் அமெரிக்கரான எட்வின் லாண்ட் என்பவர். 1943 ஆம் ஆண்டு விடுமுறையொன்றின்போது அவருடைய மூன்று வயது மகள், படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று கேட்டாளாம். குழந்தையின் வினாவுக்கு விடை காண நான்கு ஆண்டுகள் சென்றன. 1947 பெப்ரவரி 21 ஆம் நாள் நியூயோர்க்கில் அறிஞர் கூட்டமொன்றில் லாண்ட் தம் முகத்தையே படமெடுத்து, ஒரு நிமிடமளவில் தாளை உரித்துக் காட்டினார். மறு ஆண்டு நவம்பரில் பொஸ்டன் நகரக் கடையொன்றில் பொலரொய்ட் கமரா விற்பனைக்கு வந்தது.

இத்தாளுக்கும் ஏனைய பிலிமுக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. சாதாரண பிலிமைக் கழுவும் இரசாயனங்கள் இருட்டறைப் போத்தல்களில் இருப்பவை, பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். உடனடிப் படத்தாளோ தன் இருட்டறையைத் தானே சுமந்து திரிவது. தாளின் ஓரத்தே ஒரு சிறு பை. அதனுள்ளே காரத்தன்மை வாய்ந்த பசை. இரண்டு உருளைகளுக்கிடையே தாள் நெரிந்து வெளிவருகையில் பை உடைந்து, பசை மெல்லிய படையாகப் பரவிப் படத்தைத் தோற்றுவிக்கின்றது. காலம் செல்லச் செல்ல இப்பசை உலர்ந்து தடிக்கும். தடித்த பசை மூலைகளை எட்டாது. எட்டாத இடத்தில் உருவம் இல்லை. நிறங்களும் வெளிறித் திரிந்துவிடும். 1972 இல் வந்த எஸ்எக்ஸ்-70 கமராவிலே, அதனை இயக்கும் தட்டைப் பற்றரியையும் பத்துத் தாள் கொண்ட பொதிக்குள்ளேயே வைத்தார்கள். தாள் நன்றாயிருந்தாலும் பற்றரி செத்துவிட்டால் கமரா அசையாது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் பொதியை நெடுநாள் வைத்திருப்போரை நினைத்துச் செய்யப்பட்டதன்று.

பொதியின் மேல் அச்சிட்ட திகதியை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. பழையது போனால் கடையிற் புதியது கிடைத்தது. 2008 பெப்ரவரியில் பொலரொய்ட் நிறுவனம் இத்தாள் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதுதான் நிலைமை மாறியது. உலகெங்கும் வீடுகளிற் கிடந்த கமராக்கள் யாவும், எஞ்சிய பொதிகள் தீர்ந்ததும் வெறும் பெட்டிகளாகிவிடும். ஆகவே பலர் பொதிகளை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினர்.

குளிர் காக்கும் என்பது வீண் நம்பிக்கையன்று. 1897 இல் வடதுருவத்தை நோக்கிப் பலூனிற் புறப்பட்டு மாண்ட சுவீடன் நாட்டு அந்திரேயின் குழுவினர் எடுத்த பிலிம், பனித்தீவொன்றில் 33 ஆண்டுகள் கிடந்தபின் 1930 இற் கண்டெடுக்கப்பட்டுக் கழுவப்பட்டது. 93 படங்கள் தேறின. ஆயினும் உடனடித் தாளை அவ்வாறு உறையவிடலாகாது. உறைந்தால் பசை கெடும். 4 முதல் 18 பாகை செல்சியசுக்குள், பொதியைத் தட்டையாகக் கிடத்தி வைத்தலே முறை. கொழும்பிலே ஆண்டு முழுவதும் அறை வெப்பம் இதற்கு மேற்பட்டதே. வெளியே எடுத்த பொதியை அறையின் வெப்பநிலைக்கு வரவிட்ட பின்னரே கமராவில் இடவேண்டும். குளிர்ந்த பசை ஒழுங்காக வேலை செய்யாது.

இதற்கிடையில், ஒல்லாந்தின் என்ஸ்கெடே நகரில் மூடப்படவிருந்த தொழிற்சாலையின் யந்திரங்களை புளோரியன் காப்ஸ், அந்திரே பொஸ்மன் ஆகியோர் பழைய இரும்பாகப் போகவிடாது வாங்கினர். யந்திரம் கிடைத்தது, மூலப்பொருள்கள் கிடைக்கவில்லை. இரசாயனங்கள் பலவற்றின் தயாரிப்பே நின்றுவிட்டதால், தாளைப் புதிதாக ஆக்கவேண்டியதாயிற்று. 2010 இல் வெளிவந்த முதலாவது கறுப்பு வெள்ளைத் தாள், கமராவிலிருந்து வரும் கணத்தில் வெளிச்சம் பட்டாலே பழுதாகியது. சில படங்களில் ஈரம் தங்கிப் படிகம் பூத்து உருவத்தை அரித்தது. நாள் கடந்த பழைய பொதி தந்த படம் சிலவேளை இதனினும் தெளிவாயிருந்தது!

இக்குறைகள் ஆண்டுதோறும் குறைந்துவந்தன. 2020 முதல் அந்த நிறுவனம் பொலரொய்ட் என்ற பழைய பெயரையே தாங்கி நிற்கின்றது. இப்போது ஒரு பொதியில் எட்டுத் தாள்களே உள்ளன. தயாரித்த நாள் பெட்டியிற் பொறிக்கப்பட்டிருக்கும். அந்நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் எடுத்து முடிக்குமாறு நிறுவனத்தார் அறிவுறுத்துகின்றனர்.