எவர்

1965 ஜனவரியில் எனக்கு 11 வயது. பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் ஆங்கிலம் தொடங்கியிருந்தார்கள். 'திஸ் இஸ் எ கேட்' வரை வந்திருந்தோம். அதற்குள் தெருவில் கல்லூரி அண்ணன்மார் வேறொரு பாடம் நடத்திவிட்டார்கள்: 'இந்தி நெவர், இங்கிலீஷ் எவர்!' மாசி வீதிச் சுவர்களில் கரியாலும் தாராலும் எழுதியிருந்தது. பொடியன்களாகிய நாங்களும் சேர்ந்து கத்தினோம். நெவர் என்றால் வேண்டாம் என்று ஒருமாதிரி புரிந்தது. எவர்தான் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே எவர், வீட்டிலிருந்த எவர்சில்வர் தம்ளர்.

சிரிக்க வேண்டாம். இரண்டும் ஒரே எவர்தான். அந்தச் சொல்லின் பழைய பொருள் 'என்றும்'. ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், என்றும் வெள்ளி போல் மின்னும் என்பதால் எவர்சில்வர். வடக்கே போய் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் ஸ்டீல். புதுமண்டபத்துக் கடையில் பாத்திரம் வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டு வரும்போது என் அத்தை, "எவர் சில்வர் என்று எவரும் கேட்கக் கூடாதில்லையா, அதுக்குத்தான் பேர்" என்பார்.

இன்றைய ஆங்கிலத்தில் எவர் அந்தப் பழைய பொருளில் தனியாக நிற்பது குறைவு. 'எவர்கிரீன்', 'ஃபார் எவர்', கடிதக் கடைசியில் 'யுவர்ஸ் எவர்' என்று ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. மற்றபடி கேள்வியிலும் நிபந்தனையிலும்தான் அதற்கு வேலை. 'ஹாவ் யூ எவர் சீன்' என்றால் எப்போதாவது பார்த்திருக்கிறாயா. 'இஃப் யூ எவர் கம்' என்றால் என்றாவது வந்தால். 'ஐ எவர் டிரிங்க் காபி' என்று எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்து 'ஆல்வேஸ்' போடச் சொல்வார். நெவர் என்பதே இந்த எவருக்கு முன்னால் பழைய ஆங்கிலத்தின் 'இல்லை' சேர்ந்து உண்டான சொல். ஆக அந்தக் கோஷம் ஒரே சொல்லைத்தான் இரண்டு தடவை சொல்கிறது. என்றும் இல்லை, என்றும் உண்டு.

இந்த 'என்றும்' ஏன் தேவைப்பட்டது? அரசியல் சட்டத்தின் 343-ஆம் பிரிவு ஆங்கிலத்துக்கு 15 வருடக் கெடு வைத்திருந்தது. அது 1965 ஜனவரி 26-ல் முடிந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு 1959-லேயே நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் தொடர'லாம்' என்றுதான் இருந்தது. ஆங்கிலத்தில் 'மே'. தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்று மாநிலங்களவையில் அண்ணா வாதாடினார். மறு வருடம் மே மாதம் நேருவும் போய்விட்டார். வாக்குக் கொடுத்தவர் இல்லை, கையில் இருந்ததோ ஒரு 'லாம்'.

ஜனவரி 25-ஆம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலம். தியாகராசர் கல்லூரி மாணவர்களாக இருந்த கா. காளிமுத்துவும் நா. காமராசனும் அந்தப் போராட்டத்தில் முன்னே நின்றவர்கள். முன்னவர் பின்னாளில் சட்டமன்ற சபாநாயகர், பின்னவர் கவிஞர். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் அருகே கைகலப்பு மூண்டு ரத்தம் சிந்தியது. அன்று மாலை எங்கள் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. அப்பா வீடு வந்து சேரும்வரை அம்மா வாசல்படியை விட்டு நகரவில்லை. மதுரையில் பிடித்த தீ மாநிலமெங்கும் பரவி வாரக்கணக்கில் எரிந்தது. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 உயிர்கள். 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியே இந்தத் தடவை ஆங்கிலத்தின் பக்கம் நின்றார் என்பதை இளையவர்கள் நம்ப மாட்டார்கள்.

பிப்ரவரி 11-ல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்கைக் காப்பதாகச் சொன்னார். அதைச் சட்டமாக்கியது 1967-ல் வந்த திருத்தம். அதில் எவரும் இல்லை, ஆல்வேஸும் இல்லை. 'அன்டில்', அதாவது 'வரையில்', என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் போதும் என்று தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதேபோல் போடும் வரையில் ஆங்கிலம் தொடரும். ஒரு மாநிலம் சும்மா இருந்தாலே போதும்.

தமிழ்நாடு சட்டமன்றம் அந்தத் தீர்மானத்தை இதுவரை போடவில்லை.